நான் அழித்த பார்ட்டிஷன்

போன மாசம் என்னோட சொந்த லேப்டாப்பில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போட்டேன். போன எபிசோடின் கடைசியில் இதைச் சும்மா ஒரு வரியாகத்தான் சொன்னேன். அந்த எபிசோடைப் பற்றி வந்த கேள்விகளை விட அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கேள்விகள்தான் அதிகம். "ஏன் மாத்தினீங்க?", "கஷ்டமா இருந்துச்சா?", "நானும் மாத்தலாமா?"

அதனால் இன்னைக்கு அதைப் பற்றியே பேசலாம். ஆனா எப்படி இன்ஸ்டால் பண்றதுன்னு சொல்லப் போறதில்லை. அதுக்கு வீடியோக்கள் நிறைய இருக்கு. நம்ம வேலை வரலாறு. நான் எடுத்துக்கிட்ட கேள்வி இதுதான்: ஒரு கம்ப்யூட்டரில் எந்த இயங்குதளம் இருக்கணும்னு யார் முடிவு பண்றாங்க? வாங்குறவரா, விற்கிறவரா, இல்ல வேற யாராவதா?

அதுக்கு முன்னாடி நான் ஒரு விஷயத்தை ஒத்துக்கணும்.

இரண்டு பெயர் இருந்த கறுப்புத் திரை

2013. நான் பிளஸ் டூ படிச்சிட்டிருந்தேன், அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில். தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியிருந்தது. அரசு நிறுவனமான எல்காட் லேப்டாப்களை மொத்தமாகக் கொள்முதல் செய்யும், பள்ளிகள் வழியாக மாணவர்களுக்கு வரும். எங்க வீட்டுக்குள்ள வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அம்மா அதுக்கு மஞ்சள் குங்குமம் வெச்சாங்க. கீபோர்டு மேல வெச்சிடக் கூடாதேன்னு நான் பதறினது இன்னும் ஞாபகம் இருக்கு.

ஸ்விட்ச் போட்டதும் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் இரண்டு பெயர்கள். ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். அம்புக்குறி விசையை அழுத்தி எது வேணுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, 2007 தொடக்கத்தில் வெளியானது. டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யும்படி கட்டப்பட்ட இயங்குதளம். இதெல்லாம் இப்ப தெரியுது. அப்ப எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: அது ஹார்டு டிஸ்க்கில் இடத்தைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கு. அந்த இடத்துல பத்துப் பதினஞ்சு படம் போடலாம்.

ஒரு ஞாயித்துக்கிழமை விண்டோஸுக்குள்ள போய் அந்தப் பார்ட்டிஷனை அழிச்சேன். ரீஸ்டார்ட் பண்ணினா விண்டோஸும் வரலை. கறுப்புத் திரையில் "கிரப் ரெஸ்க்யூ" என்று ஒரு வரி, பக்கத்துல கண் சிமிட்டுற கர்சர். அவ்வளவுதான். அந்த இரண்டு பெயரைக் காட்டுகிற நிரலான கிரப்பின் பெரும்பகுதி, லினக்ஸ் பார்ட்டிஷனில்தான் இருந்தது. வீட்டைப் பிடிக்கலைன்னு இடிச்சதுல வாசல் கதவும் சேர்ந்து போயிடுச்சு. அப்பாகிட்ட சொல்லவே இல்லை. மறுநாள் பிரௌசிங் சென்டரில் உக்காந்து தேடி, விண்டோஸ் ரிப்பேர் டிஸ்க் ஒண்ணு ஏற்பாடு பண்ணி, இரண்டு கட்டளை அடிச்சுச் சரி பண்ணினேன்.

அந்த வாரமே நான் பள்ளியில் பெரிய ஆள். "பாஸ் எடுக்கத் தெரிஞ்சவன்" என்று பெயர். ஒரு லேப்டாப்புக்கு 50 ரூபாய். சுமார் இருபது லேப்டாப்பாவது பண்ணியிருப்பேன். அதுல ஒரு நண்பன் மட்டும் கேட்டான்: "டேய், எடுக்குறதுக்கு முன்னாடி அதுல என்னதான் இருக்குன்னு ஒரு தடவை பார்க்கலாமா?"

நான் சொன்னேன்: "அதுல ஒண்ணும் இல்லடா."

நான் அதைத் திறந்தே பார்த்ததில்லை. இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்பி வரேன்.

ஹெல்சின்கியில் அழிந்த இன்னொரு பார்ட்டிஷன்

எனக்கு 22 வருஷம் முன்னாடி, பின்லாந்தில் இன்னொரு மாணவர் தன் கம்ப்யூட்டரில் ஒரு பார்ட்டிஷனை அழித்தார். அந்தக் கதைக்கு முன்னாடி ஒரு சின்னப் பின்னணி.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் புது லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. பழைய பிரிண்டரில் பேப்பர் சிக்கினால், அச்சுக்குக் கொடுத்தவர்களுடைய திரையில் தகவல் வரும்படி அங்கிருந்தவர்களே நிரலை மாற்றி வைத்திருந்தார்கள். புது பிரிண்டரின் மூல நிரல் கிடைக்கவில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மேன் என்ற நிரலாளர், அது வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மேன் தன் வழியைத் தேர்ந்தெடுத்ததுக்கு முக்கியக் காரணமாக அவரே சொல்லும் சம்பவம் இது. 1983 செப்டம்பர் 27 அன்று குனு திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற நிபந்தனையோடு ஒரு முழு இயங்குதளத்தை எழுதுவது அதன் நோக்கம். 1991-க்குள் கம்பைலர், எடிட்டர் என்று நிறைய தயார். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஹார்டுவேரோடு பேசுகிற மையப் பகுதி, அதாவது கெர்னல், மட்டும் தயாராகவில்லை.

இப்ப ஹெல்சின்கி. 1991 ஜனவரியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 386 பிராசசர் உள்ள ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார், தவணை முறையில். நம்ம ஊர் இ.எம்.ஐ. மாதிரியே! அதோட வந்த டாஸ் அவருக்குப் போதவில்லை. பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம் பாடம் நடத்துவதற்காக எழுதிய மினிக்ஸ் என்ற சின்ன இயங்குதளத்தைப் பிளாப்பிகளில் வாங்கிப் போட்டார். பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரோடு மோடம் வழியாகப் பேச ஒரு சின்ன நிரல் எழுத ஆரம்பித்தார். அது வளர்ந்து வளர்ந்து ஒரு கெர்னலாகவே மாறியது. 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் பயனர்களின் செய்திக்குழுவில் அதை அறிவித்தார். பெரிசா ஒண்ணும் எதிர்பார்க்காதீங்க, பொழுதுபோக்குக்குச் செய்றேன் என்கிற தொனியில்தான் எழுதியிருந்தார். செப்டம்பர் 17 அன்று 0.01 பதிப்பு வெளியானது, சுமார் 10,000 வரி நிரல்.

ஆனா அப்பவும் அவருடைய தினசரி இயங்குதளம் மினிக்ஸ்தான். லினக்ஸை எழுதுவதே மினிக்ஸில் உக்காந்துதான். அந்த வருடக் கடைசியில் ஒரு நாள், மோடம் வழியாகத் தானாக டயல் செய்ய வைக்கும்போது, மோடத்துக்குப் போக வேண்டிய கட்டளையைத் தவறுதலாக ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பார்ட்டிஷன் போயே போச்சு. மினிக்ஸைத் திரும்பப் போடலாம், இல்லையென்றால் லினக்ஸையே முழுசாக நம்பலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். தன் சுயசரிதையில் அவரே இதைச் சொல்கிறார்.

அதாவது, சொந்தக் கம்ப்யூட்டரை முழுசா லினக்ஸுக்கு மாத்தின ஆரம்பகால ஆட்களில் ஒருத்தர் லினஸே. அவரும் திட்டம் போட்டு மாறலை, ஒரு விபத்து மாற வெச்சது. எனக்கு இதுல ஒரு ஆறுதல் இருக்கு, ஒரு குத்தலும் இருக்கு. அவர் பழசை அழிச்சுட்டுப் புதுசுக்குப் போனார். நான் புதுசைத் திறந்தே பார்க்காம அழிச்சேன்.

1992 தொடக்கத்தில் லினக்ஸின் உரிமத்தை குனு திட்டத்தின் ஜி.பி.எல்.-க்கு மாற்றினார். முதல் உரிமத்தில் யாரும் இதற்குக் காசு வாங்கக் கூடாது என்று இருந்தது. பிளாப்பியில் பதிந்து கொடுப்பதற்கான செலவைக்கூட வாங்க முடியாத நிலை. புது உரிமம் வந்ததும் மற்றவர்கள் இதைத் தொகுத்து விநியோகிக்கத் தொடங்கினார்கள். 1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். தன் தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. நான் அழித்த பாஸ் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. போன மாசம் நான் போட்டது அந்தக் குடும்பத்தின் 13-ஆம் பதிப்பு.

பெட்டியோடு வருவது

சரி, 1993-லயே நல்ல இலவச இயங்குதளம் இருந்ததுன்னா, ஏன் எல்லார் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸ்? நிறைய பேர் சொல்ற பதில், "லினக்ஸ் கஷ்டம்". ஓரளவு உண்மை. அந்தக் காலத்து இன்ஸ்டாலர்கள் ஆளை அழ வைக்கும். ஆனா அது பாதி பதில்தான்.

மீதிப் பதில் ஒப்பந்தங்களில் இருக்கு. அப்போது மைக்ரோசாஃப்ட் பல கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களோடு ஒருவகை உரிம ஒப்பந்தம் வைத்திருந்தது. தயாரிப்பாளர் எத்தனை கம்ப்யூட்டர் விற்கிறாரோ, அத்தனைக்கும் கட்டணம். அதில் மைக்ரோசாஃப்ட் மென்பொருள் இருக்கா இல்லையா என்பது பேச்சே இல்லை. கல்யாண மண்டபத்தில் வெளியிலிருந்து சமையல்காரரைக் கூட்டி வந்தாலும், மண்டபத்துச் சமையல்காரருக்கும் கூலி கொடுத்தே ஆகணும்னு சொன்னா எப்படி? யார் வெளியாளைக் கூப்பிடுவார்? அமெரிக்க நீதித்துறை இதை எதிர்த்து நடவடிக்கை எடுத்தது. 1994 ஜூலையில் ஏற்பட்ட உடன்பாட்டில் இந்த முறையைக் கைவிட மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கொண்டது. ஆனால் அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது. கம்ப்யூட்டர் என்றால் விண்டோஸ் என்று கடைக்காரரும் வாங்குபவரும் நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

இதற்கு ஒரு வேடிக்கையான எதிர்வினையும் உண்டு. விண்டோஸின் உரிம ஒப்பந்தத்திலேயே, இதை ஏற்காவிட்டால் பயன்படுத்தாமல் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம் என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. யாரும் படிக்காத வரி. ஆஸ்திரேலியாவில் ஒரு லினக்ஸ் பயனர் அதைப் படித்து, போராடிப் பணத்தைத் திரும்ப வாங்கினார். அந்தத் தெம்பில் 1999 பிப்ரவரி 15 அன்று, கலிபோர்னியாவின் பாஸ்டர் சிட்டியில் உள்ள மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்கு லினக்ஸ் ஆட்கள் ஊர்வலமாகப் போனார்கள், தங்கள் விண்டோஸைத் திருப்பிக் கொடுக்க. விண்டோஸ் ரீபண்ட் டே என்று அதற்குப் பெயர். கிடைத்த பதில்: பணத்தை உங்கள் கம்ப்யூட்டர் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

ஆக, முடிவு பண்றது வாங்குறவர் இல்லை. பெட்டிக்குள்ள என்ன வருதோ அதுதான் முடிவு. இதை நிரூபிக்க உங்க பாக்கெட்டில் இருக்கிற போனே போதும். ஆண்ட்ராய்டு போன் 2008-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். எங்க பாட்டி அதுல வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் அனுப்புறாங்க. பாட்டிக்கு லினக்ஸ் கஷ்டமா இல்லை. ஏன்னா அதை அவங்க இன்ஸ்டால் பண்ணலை, போனோட வந்தது.

பெட்டியோடு வந்தும்...

இந்த இடத்துல நீங்க என்னைப் பிடிக்கணும். "அப்போ உன் லேப்டாப்புல லினக்ஸ் பெட்டியோடதானே வந்துச்சு? ஏன் அழிச்சே?"

நியாயமான கேள்வி. என்னைப் பல நாள் குடைந்த கேள்வியும் இதுதான்.

தமிழக அரசு வட்டாரத்தில் லினக்ஸ் புதுசு இல்லை. 2007 வாக்கிலேயே எல்காட் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அப்போது அதன் நிர்வாக இயக்குநராக இருந்தவர் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மாணவர் லேப்டாப்பில் லினக்ஸ் வந்தது அந்தத் தொடர்ச்சிக்குப் பிறகுதான். லட்சக்கணக்கான பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளத்தையும் வைத்து, "நீயே தேர்ந்தெடு" என்று கொடுத்தார்கள். ரீபண்ட் டே அன்னைக்கு ஊர்வலம் போனவங்க கனவு கண்டது கிட்டத்தட்ட இதைத்தான்.

ஆனா பக்கத்துல இருக்கிற கேரளாவைப் பாருங்க. அங்கே 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கியது. 2000-களின் பிற்பகுதிக்குள் அரசுப் பள்ளிகள் முழுசாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. அவங்க லினக்ஸைக் கொடுத்ததோட நிறுத்தலை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க, அதை வைத்தே பாடப்புத்தகம் எழுதினாங்க, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வும் அதிலேயே. ஒரு பையனுக்குச் சந்தேகம் வந்தா, கேட்க வகுப்பிலேயே ஒரு டீச்சர் இருந்தாங்க.

எனக்கு யார் இருந்தா? எங்க தெருவுல, எங்க பள்ளியில, பிரௌசிங் சென்டர்ல, ஒருத்தருக்கும் அது என்னன்னு தெரியாது. விண்டோஸில் பிரச்சினைன்னா பத்து அண்ணன்கள் இருந்தாங்க. பெட்டியில் வருவது பாதி முடிவுன்னா, பக்கத்துல உக்கார ஒரு ஆள் இருக்காரா என்பது மீதி முடிவு. அந்த இருபது பேருக்குப் பக்கத்துல உக்காந்த ஆள் நான். "ஒண்ணும் இல்லடா"ன்னு சொன்ன ஆள்.

"நீதானடா சொன்னே"

2018-இல் இன்ஜினியரிங் முடிச்சு வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரம் ஒரு சர்வருக்குள்ள போகச் சொன்னாங்க. கறுப்புத் திரை, கண் சிமிட்டுற கர்சர். அது லினக்ஸ். எங்க டீமின் சர்வர் மொத்தமும் லினக்ஸ். உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலிலும் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸ்தான். எங்க வீட்டு அலமாரியில் சும்மா கிடைச்சதை, ஆபீஸில் பயந்து பயந்து கத்துக்கிட்டேன்.

எனக்காவது வேலைக்குள்ள போன பிறகு. "பார்த்துட்டு எடுக்கலாமா"ன்னு கேட்டானே, அவன் டிப்ளமோ முடிச்சு, சிஸ்டம் அட்மின் வேலைக்கு ஒரு நேர்காணல் போனான். லினக்ஸ் தெரியுமான்னு கேட்டிருக்காங்க. தெரியாதுன்னு சொல்லிட்டு வெளியே வந்து எனக்கு போன் பண்ணினான். திட்டலை. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்: "நாலு வருஷம் என் வீட்லயே இருந்திருக்கும்டா. நீதானடா அதுல ஒண்ணும் இல்லைன்னு சொன்னே."

அன்னைக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு ஞாபகம் இல்லை. 50 ரூபாய் வாங்கினது மட்டும் ஞாபகம் இருந்தது.

2025 அக்டோபர்

என் சொந்த லேப்டாப்பை 2018-லதான் வாங்கினேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 சிப் வேணும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேணும். என்னோடது ஏழு. பாதுகாப்பு அப்டேட்டை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கிற வழி இருக்கு. அதைப் பண்ணியிருக்கலாம். ஆனா நல்லா ஓடுற ஒரு மெஷின். இந்தத் தடவை யாரோ முடிவு பண்றதுக்கு முன்னாடி நானே முடிவு பண்ணலாம்னு தோணுச்சு.

ஒரு சனிக்கிழமை எல்லா பைலையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் இரண்டு காப்பி எடுத்தேன். பென் டிரைவிலிருந்து டெபியனை முதலில் லைவாக ஓட்டிப் பார்த்தேன். அப்படி ஓட்டினால் உள்ளே எதுவும் மாறாது, வைஃபை, சவுண்டு, கேமரா வேலை செய்யுதான்னு பார்க்கலாம். முன்பெல்லாம் டெபியன் போட்டால் வைஃபை வராமல் திண்டாடுவது சகஜம், கட்டற்றதல்லாத பர்ம்வேரை அவர்கள் இன்ஸ்டாலரில் சேர்ப்பதில்லை. அவர்களுக்குள் ஓட்டெடுத்து, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து சேர்த்துவிட்டார்கள். எனக்கு முதல் முயற்சியிலேயே வைஃபை வந்தது. தமிழ்99 விசைப்பலகை பத்து நிமிஷத்தில் தயார். கைரேகை சென்சார் மட்டும் இன்னைக்கு வரைக்கும் வேலை செய்யலை. பாஸ்வேர்டு அடிச்சுத்தான் உள்ளே போறேன். மற்றபடி இந்த எபிசோடின் எடிட்டிங் வரைக்கும் அதுலதான்.

முடிச்சதும் அந்த நண்பனுக்குத்தான் போன் பண்ணினேன். அவன் இப்ப ஊரிலேயே ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கான், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் போட்டுக் கொடுப்பான். கடையில் இருக்கிற கம்ப்யூட்டரும் என் லேப்டாப் வயசுதான், அதுக்கும் விண்டோஸ் 11 போகாது. "பென் டிரைவை எடுத்துட்டு வா"ன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் விட்டுச் சொன்னான்: "போட்டுட்டு ஓடிடாதடா. கூட இரு."

தீபாவளிக்குப் போனப்ப போனேன். விண்டோஸை அழிக்கலை. அவன் கடையின் பிரிண்டரும் ஸ்கேனரும் லைவில் ஓடுதான்னு முதல்ல பார்த்தோம். பிரிண்டர் ஓடிச்சு, ஸ்கேனர் அரை மணி நேரம் தண்ணி காட்டிட்டு ஓடிச்சு. அப்புறம் விண்டோஸ் பக்கத்திலேயே டெபியனையும் போட்டோம். ரீஸ்டார்ட் பண்ணினதும் அதே கறுப்புத் திரை, அதே மாதிரி இரண்டு பெயர். இந்த முறை அவனே அம்புக்குறியை அழுத்தித் தேர்ந்தெடுத்தான். நான் இரண்டு நாள் கடையில் உக்காந்திருந்தேன். அவனுக்கு வந்த சந்தேகம் மொத்தம் பதினொண்ணு, ஒரு பேப்பரில் எழுதி வெச்சிருக்கான். எட்டுக்கு எனக்குப் பதில் தெரிஞ்சது. மூணுக்கு இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம்.

"நானும் மாத்தலாமா"ன்னு கேட்டவங்களுக்கு என் பதில் இதுதான். லைவில் ஓட்டிப் பாருங்க. பேக்கப் எடுக்காம எதையும் தொடாதீங்க. பழசை உடனே அழிக்காதீங்க. உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்னா, தெரியாத ஒருத்தர் பக்கத்துல இரண்டு நாள் உக்காருங்க. அந்த இருபது பேர்ல மீதி பத்தொன்பது பேரில் யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தீங்கன்னா, எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. பென் டிரைவ் தயாரா இருக்கு. 50 ரூபாய் வேண்டாம்.